டீசல் வண்டியில் லைட் எரிகிறது, பிக்கப் போய்விட்டது: எங்கே தேடுவது?

பெங்களூரில் டீசல் வண்டிக்கு பிக்கப் போனால் முதல் பழி எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ மேல் விழும். அடுத்த பழி டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் மேல். இரண்டும் காசு பிடிக்கும் சாமான்கள். ஆனால் பட்டறைக்கு வரும் வண்டிகளைப் பிரித்துப் பார்த்தால் கிழிந்த ஹோஸ், அடைத்த ஃபில்டர், எலி கடித்த வயர், கரி பிடித்த சென்சார் என்று சில்லறைச் சமாச்சாரங்கள்தான் அதிகம். மீட்டரில் எரியும் லைட் எந்தப் பக்கம் தேடவேண்டும் என்று மட்டும் காட்டும். எந்தச் சாமானை மாற்றவேண்டும் என்பதை அது சொல்லாது. கீழே எல்லாம் அறிகுறி வாரியாக இருக்கிறது; உங்கள் வண்டி செய்கிற சேட்டை எதுவோ அங்கே நேராகப் போகலாம். முதல் இரண்டு பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

சிவப்பா, மஞ்சளா?

சிவப்பு எரிந்தால் நிறுத்தவேண்டும். இதில் பேரம் கிடையாது. எண்ணெய்க் கேன் போன்ற சிவப்பு லைட் ஆயில் பிரஷர் இல்லை என்று அர்த்தம். ஆயில் அளவு குறைந்திருக்கலாம், பம்ப் போயிருக்கலாம், சென்சார் பொய் சொல்லலாம். எது என்று ஓட்டிக்கொண்டே கண்டுபிடிக்க முடியாது. பிரஷர் நிஜமாகவே போயிருந்தால் பேரிங் சில நிமிடங்களில் போய்விடும். "சில்க் போர்டு தாண்டி நிறுத்திக்கலாம்" என்று நினைப்பவர்கள், நெரிசலுக்குப் பேர்போன அந்தச் சந்திப்பைத் தாண்ட எவ்வளவு நேரம் ஆகும் என்று யோசித்துப் பார்க்கவும்.

டெம்பரேச்சர் சிவப்பு எரிந்தால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுசாக வைத்து, ஓரம் கட்டி அணையுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்காதீர்கள். பேட்டரி லைட் ஓடும்போது எரிந்தால் ஆல்டர்னேட்டர் பெல்ட்டைப் பாருங்கள். சில வண்டிகளில் அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுற்றும், அதனால் டெம்பரேச்சர் மேலும் ஒரு கண் இருக்கட்டும்.

மஞ்சள் எரிந்தால் மெதுவாக ஓட்டிக்கொண்டு போகலாம், ஆனால் தள்ளிப்போடக் கூடாது. ஸ்பிரிங் மாதிரி இருக்கும் குளோ பிளக் (குளிரில் ஸ்டார்ட் ஆக சிலிண்டரைச் சூடாக்குவது) லைட்டை இங்கே தனியாகச் சொல்லவேண்டும். சாவி போட்டதும் எரிந்து அணைந்தால் சரி. ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா டீசல்களில் ஓடும்போது அது மின்னினால் குளோ பிளக்கோடு சம்பந்தமே இல்லாத எஞ்சின் கோளாறாக இருக்கலாம். பிரேக் பெடல் சுவிட்ச் கெட்டால்கூட அது மின்னும். பின்னால் ஒருவரை நிற்கச் சொல்லி, பிரேக் மிதித்து, லைட் எரிகிறதா என்று பார்த்துவிட்டு மற்றதை யோசியுங்கள். அதுபோக, பெங்களூர் குளிருக்கு நல்ல காமன் ரெயில் எஞ்சின் (ரெயில் என்ற பொதுக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் அதிக அழுத்தத்தில் டீசல் போகும் வகை) குளோ பிளக் உதவி இல்லாமலே ஸ்டார்ட் ஆகிவிடும். டிசம்பர் காலையில் ரொம்ப நேரம் இழுத்து ஸ்டார்ட் ஆகிற வண்டிக்கு நான்கு குளோ பிளக்கையும் மாற்றிவிட்டு, பிறகு டீசல் லைனில் காற்று புகுவதைக் கண்டுபிடிப்பது வழக்கமாக நடக்கிற வீண்செலவு.

கோளாறுக் கோடு: அழிக்கும் முன் எழுதி வையுங்கள்

ஸ்டீயரிங்குக்குக் கீழே, வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்க 16 பின் ஓபிடி சாக்கெட் இருக்கும். புளூடூத்தில் போனோடு பேசும் ஈஎல்எம்327 வகை அடாப்டர் ஒன்று இருந்தால் எஞ்சின் கோடுகளையும் (கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் கோளாறு எண்கள்) முக்கியமான நேரலை அளவுகளையும் நீங்களே பார்க்கலாம். கம்பெனி ஸ்கேனர் அளவுக்கு அது ஆழமாகப் போகாது, பாதி வேலைக்குப் போதும்.

கோடு கிடைத்ததும் கை பரபரவென்று "கிளியர்" பட்டனுக்குப் போகும். போகக் கூடாது. கோடோடு ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று ஒரு பதிவும் இருக்கும். கோளாறு விழுந்த நொடியில் எத்தனை ஆர்பிஎம், என்ன வேகம், எஞ்சின் சூடு எவ்வளவு, லோடு எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். கிளியர் செய்தால் அதுவும் சேர்ந்து அழியும். ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு பிறகு அழியுங்கள். அழித்தபின் எது முதலில் திரும்பி வருகிறதோ அதுதான் அசல் கோடு. கூட வரும் இரண்டு மூன்று கோடுகள் பெரும்பாலும் அதன் பின்விளைவுகள்.

பேட்டரி வீக்காக இருந்தாலும் சம்பந்தமில்லாத நாலைந்து கோடுகள் விழும். ஒரே நேரத்தில் ஏபிஎஸ், ஏர்பேக், எஞ்சின் என்று கிறிஸ்துமஸ் மரம் மாதிரி எல்லாம் எரிந்தால் முதலில் பேட்டரி வோல்டேஜ், டெர்மினல், எர்த் வயர்.

செக் எஞ்சின் எரிகிறது, 3,000 ஆர்பிஎம்மைத் தாண்டவில்லை

இது லிம்ப் மோடு. எஞ்சினைக் காப்பாற்ற அதன் கம்ப்யூட்டரான இசியூ தானாகவே சக்தியைக் குறைத்து வைத்திருக்கிறது. அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் சரியாகிவிட்டு, அடுத்த ஏற்றத்தில் மறுபடி விழுந்தால் சந்தேகம் காற்றுப் பக்கம் போகவேண்டும். அதிகம் வரும் கோடு பி0299, அதாவது டர்போ கொடுக்கவேண்டிய காற்றழுத்தம் வரவில்லை.

ஏர்போர்ட் டிரிப் ஓட்டும் கிருஷ்ணகிரிக்காரத் தம்பி ஒருவர் செடான் ஒன்றைக் கொண்டுவந்தார். "அண்ணா, ஹெப்பாள் மேம்பாலம் ஏறும்போது சோந்து போயிடுது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணா நல்லா ஓடுது. தேவனஹள்ளி கிட்ட போனா திரும்ப அதே கதை."

"சத்தம் ஏதாவது கேக்குதா?"

"மிதிக்கும்போது உஸ்ஸுனு ஒண்ணு வரும்ணா. ஏசி காத்துன்னு விட்டுட்டேன்."

கோடு பி0299. வேறொரு இடத்தில் டர்போ மாற்றச் சொல்லி எஸ்டிமேட்டும் கொடுத்திருந்தார்கள். பம்பருக்குப் பின்னால், டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் கீழ் ஹோஸில் கிளாம்புக்கு ஒட்டினாற்போல் கருப்பாக ஒரு ஈரக்கோடு. விரல் வைத்தால் எண்ணெயும் தூசியும் குழைந்த பசை. ஹோஸைச் சும்மா பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. கையால் மடக்கினதும் அரை வட்டத்துக்கு வாய் திறந்தது. லோடு இல்லாமல் நிற்கும்போது மூடிக்கொள்ளும், டர்போ அழுத்தம் கொடுக்கும்போது திறக்கும். அதனால்தான் பட்டறையில் ரேஸ் கொடுத்துப் பார்த்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஹோஸும் கிளாம்பும் மாற்றியதோடு வேலை முடிந்தது.

இதே வரிசையில் நீங்களும் தேடலாம். ஏர் ஃபில்டர் பெட்டியில் தொடங்கி டர்போ, இன்டர்கூலர், இன்டேக் மேனிஃபோல்டு வரை ஒவ்வொரு ஹோஸையும் தடவி, மடக்கிப் பாருங்கள். நம் ஊர் ஹம்ப்களில் அடி உரசும் வண்டிகளுக்குக் கீழ் ஹோஸ்தான் முதலில் போகும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் புகை டெஸ்ட், அல்லது லைனில் குறைந்த அழுத்தக் காற்று கொடுத்து சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஹோஸ்கள் நன்றாக இருந்தால் அடுத்தது வேக்குவம், அதாவது காற்றை உறிஞ்சும் இழுப்பு. பல டீசல்களில் டர்போவின் வேன்களை (உள்ளே அசையும் சின்னத் தகடுகள்) அசைப்பது ஒரு மெல்லிய ரப்பர் குழாய் வழியாக வரும் வேக்குவம். அதே வேக்குவம் பம்ப்தான் பிரேக் பூஸ்டருக்கும். பிக்கப்பும் குறைந்து பிரேக் பெடலும் கட்டியாகிவிட்டால் பம்பையோ பொது லைனையோ பாருங்கள். பெடல் நன்றாக இருந்து பிக்கப் மட்டும் போயிருந்தால் டர்போவுக்குப் போகும் கிளைக் குழாயும் சோலனாய்டு வால்வும் சந்தேகத்துக்குரியவை. எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும், வேன்களை அசைக்கும் ஆக்சுவேட்டர் கம்பி இழுபடவேண்டும். இழுபடாவிட்டால் குழாயைக் கழற்றி விரலை வையுங்கள், உறிஞ்சவேண்டும். அபார்ட்மென்ட் பேஸ்மென்டில் நிற்கும் வண்டிகளுக்கு எலி இந்தக் குழாயைத்தான் குறிவைக்கும், பக்கத்தில் இருக்கும் வயரையும் சேர்த்து.

இன்டேக் காற்றழுத்தம் பார்க்கும் மேப் சென்சார் விஷயத்தில் பெங்களூருக்கென்று ஒரு கணக்கு உண்டு. சாவி ஆன், எஞ்சின் ஆஃப் நிலையில் அந்தச் சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்டவேண்டும். சென்னையில் அது 101 கிலோபாஸ்கல் அளவு. நாம் கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டருக்கும் அதிக உயரத்தில் இருக்கிறோம். இங்கே 90, 91 தான் வரும். ஊரில் இருக்கும் மெக்கானிக் அண்ணனிடம் போனில் கேட்டால் "நூறுக்குக் கீழ வருதா? சென்சார் போச்சு" என்பார். போகவில்லை. இங்கே 101 காட்டினால்தான் சந்தேகப்படவேண்டும். எண் சரியாக இருந்தால், மூன்றாவது கியரில் முழுசாக மிதித்து, பக்கத்து சீட்டில் இருப்பவரை அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். இசியூ கேட்கும் அளவுக்கும் கிடைக்கும் அளவுக்கும் பெரிய இடைவெளி இருந்தால் கசிவோ டர்போ கோளாறோ உண்மைதான்.

பி0234 என்றால் நேர் எதிர்: அழுத்தம் அளவுக்கு மேல் போகிறது. அவுட்டர் ரிங் ரோட்டில் நகர்ந்துகொண்டே இருக்கும் வண்டியின் டர்போ வேன்களில் கரி கட்டி, அவை மூடிய நிலையிலேயே மாட்டிக்கொள்ளும். பல சமயம் டர்போவைக் கழற்றிச் சுத்தம் செய்தால் போதும். பி0401 வந்தால் இஜிஆர் பாதை (புகையில் கொஞ்சத்தை மறுபடி எஞ்சினுக்குள் அனுப்பும் வழி) அடைத்திருக்கலாம். கழற்றிச் சுத்தம் செய்து புது கேஸ்கெட் போடவேண்டும். பி0101 ஏர்ஃப்ளோ சென்சார்; அதற்கென்று விற்கும் ஸ்பிரேயைத் தவிர வேறு எதையும், முக்கியமாகத் துணியை, அதன் மேல் வைக்காதீர்கள்.

ஏற்றத்திலும் ஃபுல் ஆக்சிலரேட்டரிலும் மட்டும் அடங்குகிறது

ஊருக்குள் நன்றாக ஓடி, ஓசூர் தாண்டி லோடோடு ஏற்றம் ஏறும்போது அடங்கினால் டீசல் போதாமல் இருக்கலாம். பி0087 கோடு விழும், சில வண்டிகளில் விழாமலும் இருக்கும். நேரலையில் ரெயில் பிரஷரைப் பாருங்கள். ஐடிலில் 250 முதல் 350 பார் (அழுத்த அளவு) வரை இருக்கும். முழு மிதியில் 1,600 பார், புது எஞ்சின்களில் 2,000 வரையும் மேலும் போகும். ஐடிலில் சரியாக இருந்து மிதிக்கும்போது கேட்பதைவிடக் கிடைப்பது பின்தங்கினால் முதலில் டீசல் ஃபில்டரை மாற்றுங்கள். பம்பைத் தொடுவது அதற்குப் பிறகு.

பழைய ஃபில்டரைத் தூக்கி எறியாதீர்கள். அறுத்துப் பிரித்து, காகித மடிப்பை வெயிலில் விரித்துப் பாருங்கள். கருப்பு, பழுப்பு அழுக்கு இருப்பது இயல்பு. வெள்ளித்தூள் மாதிரி மினுமினுப்பு இருந்தால் உலோகத் துகள். ஹை பிரஷர் பம்ப் தேய்ந்து உதிரத் தொடங்கியிருக்கலாம். அப்போது வண்டியை ஓட்டவே கூடாது. அந்தத் தூள் ஒவ்வொரு இன்ஜெக்டருக்குள்ளும் போய்விடும், பிறகு மொத்த லைனையும் மாற்றவேண்டி வரும்.

ஃபில்டர் மாற்றியபின் ஸ்டார்ட் ஆக அடம் பிடித்தால் ஓரிங் என்ற ரப்பர் வளையம் சரியாக உட்காராமல் காற்று இழுக்கலாம். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே தற்காலிகமாக உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய் போட்டால் குமிழி ஓடுவது தெரியும். இன்ஜெக்டர் சந்தேகத்தை ரிட்டர்ன் டெஸ்ட் தீர்த்துவைக்கும்: நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாய்க்கும் ஒரே மாதிரி நான்கு பாட்டில், ஐடிலில் சில நிமிடம். ஒன்று மட்டும் மற்றதைவிட வேகமாக நிரம்பினால் அதுதான் ஆள். நான்கையும் மாற்றத் தேவையில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை, கொஞ்சம் உரக்கவே சொல்கிறேன். பழைய பம்ப் எஞ்சின்களில் வேலை கற்றவர்கள், எஞ்சின் ஓடும்போதே இன்ஜெக்டர் பைப் நட்டை லூஸ் செய்து எந்த சிலிண்டர் அடிக்கவில்லை என்று பார்ப்பார்கள். காமன் ரெயிலில் அதைச் செய்யவே கூடாது. நூற்றுக்கணக்கான பார் அழுத்தத்தில் வரும் டீசல், ஊசி மாதிரி தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சிறு புள்ளி, உள்ளே சதை அழுகும், விரலையே எடுக்கவேண்டி வரலாம். கசிவைக் கையால் தடவியும் தேடாதீர்கள், அட்டையை வைத்துப் பாருங்கள். அப்படி ஏதாவது பட்டுவிட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரி.

ஃபில்டர் தண்ணீர் லைட்

ஃபில்டர் படத்தோடு தண்ணீர்த் துளி காட்டும் மஞ்சள் லைட். டீசலில் தண்ணீர் கலந்து ஃபில்டர் அடியில் தேங்கியிருக்கிறது. மழைக்காலத்தில் பங்க்கில் போட்ட கொஞ்ச தூரத்திலேயே எரிந்தால் எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை. பில்லை எடுத்து வையுங்கள். பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் டீசல்தான் எண்ணெய்ப் பசை. தண்ணீருக்கு அது கிடையாது. எஞ்சினை அணைத்து, ஃபில்டர் அடியில் இருக்கும் வடிகால் திருகைத் தளர்த்தி, கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். தண்ணீர் கீழே, டீசல் மேலே பிரிந்து நிற்கும். சுத்த டீசல் வரும்வரை விட்டு, திருகை இறுக்கி, கைப்பம்ப் இருந்தால் அடித்து ஸ்டார்ட் செய்யுங்கள். கொஞ்ச நேரத்திலேயே மறுபடி எரிந்தால் டேங்க்கை இறக்கித்தான் ஆகவேண்டும்.

டிபிஎஃப் லைட்

ஏப்ரல் 2020 முதல் வந்த பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல்களுக்கு இது. அதற்கு முந்தைய பெரும்பாலான வண்டிக்காரர்கள் தாண்டிப் போகலாம்.

சைலன்சர் லைனில் இருக்கும் டிபிஎஃப் கரியைப் பிடித்து வைக்கிறது. நிறைந்ததும் கூடுதல் டீசல் அடித்து, 600 டிகிரி அளவுக்குச் சூடாக்கி எரித்துவிடுகிறது. இந்த எரிப்புக்கு வண்டி ஓரளவு வேகமாக, இடைவிடாமல் ஓடவேண்டும். மாரத்தஹள்ளியிலிருந்து பெல்லந்தூருக்குத் தினமும் நகர்ந்து போய்வரும் வண்டிக்கு அது எங்கே கிடைக்கும்? ஐடில் கொஞ்சம் உயர்ந்திருக்கிறது, மைலேஜ் திடீரென்று குறைந்து காட்டுகிறது, அணைத்தபின்னும் ஃபேன் ஓடுகிறது, ஒரு கருகல் வாடை என்றால் எரிப்பு நடந்துகொண்டிருக்கிறது. வீடு வந்துவிட்டாலும் உடனே அணைக்காமல் ஒரு சுற்று சுற்றுவது நல்லது.

மஞ்சள் டிபிஎஃப் லைட் மட்டும் எரிந்தால் டீசல் ரிசர்வில் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். டேங்க் குறைந்திருந்தால் பல வண்டிகள் எரிப்பைத் தொடங்காது. பிறகு ஒரு கியர் குறைத்து 2,000 ஆர்பிஎம்முக்கு மேல், அறுபது எழுபது கிலோமீட்டர் வேகத்தில், இருபது நிமிடம் நிறுத்தாமல் ஓட்டுங்கள். இதற்கு எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் ஏறி அத்திப்பள்ளி வரை போகலாம், அல்லது நைஸ் ரோடு, அல்லது அதிகாலையில் ஏர்போர்ட் ரோடு. மேம்பாலம் மட்டும் போதாது, அது பத்து கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். லைட் அணையவேண்டும்.

டிபிஎஃப்போடு செக் எஞ்சினும் எரிந்து பிக்கப்பும் குறைந்துவிட்டால் ஓட்டி எரிக்க முடியாது. ஸ்கேனர் வழியாகச் செய்யவேண்டும். அதற்கு முன் இரண்டு கேள்வி. ஒன்று, டிபிஎஃப்புக்கு முன்னும் பின்னும் அழுத்தம் பார்க்கும் சென்சாரின் மெல்லிய குழாய்கள் வெடித்திருக்கிறதா, சாவி ஆனில் அந்தச் சென்சார் பூஜ்யம் காட்டுகிறதா? குழாய் வெடித்திருந்தாலோ பூஜ்யம் காட்டாவிட்டாலோ, டிபிஎஃப் நிறையாமலே நிறைந்ததாகச் சொல்லிக்கொண்டிருக்கலாம். இரண்டு, எரிப்பு எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை நடக்கிறது? முன்பைவிட மிகச் சீக்கிரம் சீக்கிரமாக நடந்தால் கரி அளவுக்கு மேல் உற்பத்தியாகிறது. இன்டர்கூலர் ஹோஸ், இஜிஆர், இன்ஜெக்டர் என்று மேலே சொன்னதெல்லாம் மறுபடி வரும். அதைச் சரிசெய்யாமல் டிபிஎஃப்பை மட்டும் கழுவிப் போட்டால் திரும்ப அடைக்கும்.

பாதியில் நின்றுபோன எரிப்புகளின் டீசல் பிஸ்டன் ஓரமாக இறங்கி ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல்கோட்டைத் தாண்டி, டீசல் வாடையும் அடித்தால் கெடு வரும்வரை காத்திருக்காமல் ஆயிலை மாற்றுங்கள். குறைந்த சாம்பல் வகை ஆயிலாக, கையேட்டில் போட்டிருக்கும் தரத்தில் இருக்கட்டும். கரி எரியும், ஆயிலின் சாம்பல் எரியாது. "டிபிஎஃப்பை வெட்டி எடுத்துட்டா பிரச்சினையே இல்ல சார்" என்று சொல்கிற கடைகளும் உண்டு. அது சட்டப்படி தப்பு, அந்தக் கரி நம் பிள்ளைகள் மூக்குக்குத்தான் போகும்.

டிஇஎஃப் லைட்

டிஇஎஃப், அதாவது புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் ஆட்புளூ திரவத்துக்குத் தனி டேங்க் உள்ள வண்டிகளுக்கு மட்டும். இத்தனை கிலோமீட்டரில் ஸ்டார்ட் ஆகாது என்று கணக்குக் காட்டத் தொடங்கினால் அது மிரட்டல் இல்லை. பூஜ்யம் வந்து அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. 32.5 சதவீத யூரியா கலந்த கரைசல் அது. சீல் உடையாத கேனை வாங்கி ஊற்றுங்கள், தண்ணீர் சேர்க்காதீர்கள், டீசல் டேங்க்கில் தவறியும் ஊற்றாதீர்கள். ஊற்றிவிட்டால் சாவியைக்கூடப் போடாமல் டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

லைட்டே இல்லை, ஆனால் இழுக்கவில்லை

ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. மேல் கியரில் மெதுவாகப் போகும்போது முழுசாக மிதித்தால் உறுதியாகும். ஓட்டிவிட்டு இறங்கி நான்கு வீலருகேயும் கையைக் கொண்டுபோங்கள், தொடாதீர்கள். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. ஏர் ஃபில்டரை வெளியே எடுத்துப் பாருங்கள், மெட்ரோ வேலை நடக்கும் ரோட்டில் ஓடும் வண்டிக்குக் கையேட்டுக் கணக்கு செல்லாது. தேங்கிய தண்ணீரில் இறங்கி வந்த வண்டியானால் ஃபில்டர் நனைந்திருக்கலாம். தண்ணீரிலேயே அணைந்துபோன வண்டியைத் திரும்ப ஸ்டார்ட் செய்யாதீர்கள், சிலிண்டரில் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

புகையும் ஒரு மீட்டர்தான். கருப்பு வந்தால் காற்று குறைவு அல்லது டீசல் அதிகம். நீலம் வந்தால் ஆயில் எரிகிறது. சூடானபின்னும் வெள்ளை நின்று, கூலன்டும் குறைந்துகொண்டே வந்தால் இஜிஆர் கூலர் அல்லது ஹெட் கேஸ்கெட்.

மிதிக்காமலே எஞ்சின் ரேஸ் ஆகிறது

அபூர்வம்தான், ஆனால் யோசிக்க நேரம் தராது. டர்போ சீல் போய் ஆயில் இன்டேக்குக்குள் போனாலோ, மேலே சொன்ன மாதிரி ஆயில் மட்டம் ஏறியிருந்தாலோ, எஞ்சின் தன் ஆயிலையே எரித்துக்கொண்டு அலறும். பின்னால் புகை மண்டும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது, ஏனென்றால் அது ஓடுவது டேங்க் டீசலில் இல்லை. மேனுவல் வண்டியானால் பிரேக்கை முழுசாக மிதித்து, மேல் கியர் போட்டு, கிளட்ச்சைச் சட்டென்று விடுங்கள். மூச்சு முட்டி நிற்கும். ஆட்டோமேடிக்கானால் ஆட்களை இறக்கி விலகி நில்லுங்கள். இன்டேக்கைக் கையால் பொத்த நினைக்காதீர்கள், உள்ளே இழுத்துவிடும். நின்றபின் இன்டர்கூலரையும் குழாய்களையும் கழற்றி, தேங்கியிருக்கும் ஆயிலை முழுசாக வடிக்காமல் யாரையும் செல்ஃப் அடிக்க விடாதீர்கள்.